ஆரணிக்கு வந்த பதினோரு விநாடி

ஆரணியில் 2019ஆம் வருஷம் ஆடி மாதம் தொடங்கி 2023 ஐப்பசி வரைக்கும், தினமும் சாயங்காலம் நாலு மணி பத்து நிமிஷத்துக்குப் பதினோரு விநாடி எந்தச் சத்தமும் கிடையாது. விசைத்தறி ஓடும், ஓசை வராது. பஸ் ஸ்டாண்டில் போளூர் வண்டி டிரைவர் ஹாரனை அமுக்குவார், கை வலிப்பதுதான் மிச்சம். குக்கரின் விசில் எழும்பி, ஆடி, ஊமையாக உட்கார்ந்துகொள்ளும். இந்தப் பக்கம் ஆற்றுப் பாலம், அந்தப் பக்கம் சேவூர் ரோட்டில் பெட்ரோல் பங்க், அதற்குள் மட்டும்தான். பங்கைத் தாண்டி ஒரு அடி வைத்தால் நாய் குரைப்பது கேட்கும். முதல் வாரம் காது டாக்டரிடம் கூட்டம் நெரிந்தது. பிறகு ஏதோ ஆபீசிலிருந்து இரண்டு பேர் சத்தம் அளக்கிற மீட்டரோடு வந்தார்கள். முள் கீழே படுத்துக்கொண்டதைப் பார்த்து, மீட்டர் ரிப்பேர் என்று எழுதிக்கொண்டு, டிபன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. வாத்தியார்கள் டிக்டேஷனை நிறுத்திவைத்தார்கள். சண்டை போடுகிறவர்கள் நாலு ஒன்பதுக்கே முடித்துக்கொண்டார்கள், இல்லாவிட்டால் நல்ல நல்ல வார்த்தையெல்லாம் வீணாகப் போய்விடும்.

அந்தப் பதினோரு விநாடி எங்கிருந்து வந்தது என்பதில் ஊரில் இரண்டு பேச்சு இல்லை. கொசப்பாளையம் ஆதிலட்சுமியிடமிருந்து வந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தோரு வயது. பாவு பிணைக்கிறது அவள் வேலை. தறியில் நெடுக்காக ஓடுகிற நூல்தான் பாவு; ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் அதன் கடைசி நூல்களை எடுத்துவிடாமல், புதுப் பாவின் முதல் நூல்களை ஒவ்வொன்றாக அவற்றோடு சேர்த்துவிட வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, முடிச்சில்லாமல் ஒரு முறுக்கு, அவ்வளவுதான். ஓர் இழை விட்டுப்போனாலும் புடவை நெடுக ஒரு கோடு விழும், முதலாளி கூப்பிட்டு அனுப்புவார். ஒரு ஓரத்திலிருந்து ஆதிலட்சுமி பிணைத்துக்கொண்டு வருவாள், மறு ஓரத்திலிருந்து அவள் அக்கா ரேணுகாம்பாள் வருவாள், இரண்டு பேரும் நடுவில் சந்திப்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான். வேலை நடக்கும்போது தங்கை பாடுவாள், அக்கா பேசுவாள். தங்கைக்கு எந்த ஒலியையும் ஒரு தரம் கேட்டால் போதும், அப்படியே திருப்பித் தந்துவிடுவாள். பக்கத்து வீட்டு மிக்சியை அவள் பாடிக் காட்டினால் பக்கத்து வீட்டுக்காரி அடுப்படிக்கு ஓடிப்போய் சுவிட்சைத் தொட்டுப் பார்ப்பாள். அக்காவுக்கு நேர்மாறு. ரம்பம் அறுக்கிற குரல். பஜனையில் ரேணுகாம்பாள் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக நகர்ந்து உட்காருவார்கள். அவளும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல், "காத்து வரட்டும்னு நவுந்து குந்துதுங்க" என்பாள்.

ஜரிகைக் கடை குப்புராஜின் மாடியில் குமரேசன் ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருந்தான். திருவிழா அறிவிப்பு, ஜவுளிக் கடை விளம்பரம், கூத்துக்காரர்களின் பாட்டு, இதெல்லாம் அங்கேதான் பதிவாகும். அந்த வருஷம் சென்னையிலிருந்து குட்டிக்காது என்ற கம்பெனி அவனிடம் ஒரு வேலை கொடுத்தது. குழந்தைகளுக்கான யானைப் பொம்மை. வயிற்றை அமுக்கினால் பாடும். பன்னிரண்டு நாட்டுத் தாலாட்டு, பன்னிரண்டும் அந்தந்த நாட்டுப் பாஷையில். கம்பெனியில் அதைப் பார்த்துக்கொண்டவர் ஹேமநாத். தாத்தா ஆரணிக்காரர், பேரன் ஆரணியை வரைபடத்தில் மட்டும் பார்த்தவர். போனில் அவர் சொன்னது இதுதான்: "ஒரிஜினல் மாதிரியே இருக்கணும் குமரேசன். பாக்ஸ் மேல அசல்னு போடப்போறோம். ஆனா குழந்தைங்களுக்குப் பிடிக்கிற மாதிரியும் இருக்கணும்." வெளிநாட்டுக்காரர்களை வைத்துப் பாடவைக்காமல் ஏன் இங்கே வந்தீர்கள் என்று குமரேசன் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும். நேராகக் கொசப்பாளையத்துக்குப் போய் ஆதிலட்சுமியைக் கூப்பிட்டான்.

மாடிக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று அவள் அக்காவையும் அழைத்துக்கொண்டு போனாள். கம்பெனி அனுப்பின மூலப் பதிவைக் கேட்டு ஆதிலட்சுமி அப்படியே பாடினாள், பதினோரு நாளில் பதினோரு பாட்டு முடிந்தது. ஒரு பாட்டில் மூலத்தில் பாடின கிழவி நடுவில் இருமியிருந்தாள், ஆதிலட்சுமி அந்த இருமலையும் விடாமல் இருமினாள். பிற்பாடு ஏதோ ஒரு மலைநாட்டுக்காரர், இவள் எங்கள் பள்ளத்தாக்கின் மேல் ஊர்க்காரிதான், கீழ் ஊர்க்காரி இப்படி இருமமாட்டாள் என்று கம்பெனிக்குக் கடிதமே எழுதினார். அவ்வளவு சுத்தம். பன்னிரண்டாவது பாட்டு, வடக்கே குளிர்ந்த கடலில் இருக்கும் ஒரு தீவுடையது. முந்நூறு வீடு. தீவின் பெயரைக் குமரேசன் ஒரு மாதிரி சொன்னான், ஹேமநாத் ஒரு மாதிரி சொன்னார், ஆதிலட்சுமி மட்டும் சரியாகச் சொன்னாள், அது என்ன என்று தெரியாமலே. அந்தப் பாட்டில் ஒரு பெண் நாலு அடி பாடுகிறாள். பிறகு நிறுத்துகிறாள். பதினோரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு மிச்ச நாலு அடி.

அந்த ஒன்றுமில்லாத இடத்தை ஆதிலட்சுமியால் விடமுடியவில்லை. பாடும்போதெல்லாம் அவள் விரல்கள் மடியில் தானாக அசையும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இழையைப் பிடித்து முறுக்குகிற மாதிரி. நாலாவது அடி முடிந்ததும் விரல்கள் ஒரு முறுக்கு முறுக்கின, மூச்சு நிற்காமல் ஐந்தாவது அடி வந்து ஒட்டிக்கொண்டது. சேர்ந்த இடம் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமரேசன் கட்டைவிரலைக் காட்டினான். "சூப்பர்க்கா, நானே கட் பண்ணலாம்னு இருந்தேன்" என்றான். ஹேமநாத்துக்குப் போனில் போட்டுக் காட்டினார்கள், அவருக்கும் திருப்தி. பாட்டு நடுவில் நின்றால், பொம்மை கெட்டுப்போய்விட்டது என்று குழந்தை நினைத்து மறுபடி அமுக்கும், இது ரொம்ப நல்ல யோசனை என்று மெச்சினார். பதிவை மூடி சேவ் பண்ணும்போது மணி நாலு பத்து.

மாடிப்படி இறங்கும்போது ரேணுகாம்பாள் ஆரம்பித்தாள்.

"நீ பாடினது அந்தப் பாட்டு இல்லடி."

"எந்த எடத்துல சுதி போச்சி, சொல்லு."

"சுதி கிதி எனுக்கு இன்னா தெரியும். அந்தம்மா அங்க நிறுத்தி யாரையோ கேட்டுகினு கீறா. பதில் வர்றதுக்குள்ள நீ அடச்சிட்ட."

"ஓட்டையா இருந்தா அடைக்காம இன்னா பண்றது?"

"அது ஓட்டையா? வாசப்படி டி. யாரோ வர்றதுக்கு வெச்சிகினு கீறாங்க."

ஆதிலட்சுமிக்குக் கோபம் வந்துவிட்டது. பதினோரு நாள் எல்லாரும் புகழ்ந்த வாய், பன்னிரண்டாம் நாள் குறை கேட்கத் தயாராக இல்லை. "பஜனையில ஒன்னப் பாத்து எல்லாரும் நவுந்து குந்துறாங்க. நீ எனுக்குப் பாட்டு சொல்லித் தர்றியா?" என்றாள். ரேணுகாம்பாள் இரண்டு படி இறங்கி நின்றாள். காற்று வரட்டும் என்று நகர்ந்தார்கள் என்று அவள் சொல்வதை, அவளே நம்பவில்லை என்பது அப்போதுதான் தங்கைக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன, சொன்னது சொன்னதுதான். மறுநாளிலிருந்து பாவின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள், நடுவில் சந்தித்தார்கள், எழுந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கை பாடவில்லை. அதே மறுநாள்தான் நாலு பத்துக்கு ஊர் முதல் தடவை வாயடைத்து நின்றது.

சத்தம் கிடையாது என்பது வெளிச் சத்தத்தைச் சொன்னது. உள்ளே வேறொன்று இருந்தது, அதை ஊர் ஒப்புக்கொள்ள மூன்று மாதம் ஆயிற்று. முதலில் வாயைத் திறந்தவர் குப்புராஜ். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த அவர் அப்பா அந்தப் பதினோரு விநாடியில் தினமும், "பொடி டப்பிய எங்கடா வெச்ச" என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று குப்புராஜ் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொன்னதுதான் தாமதம், டீக்கடையில் இருந்த ஒன்பது பேரும் அவரவர் ஆளைச் சொன்னார்கள். யாருக்கு யார் இல்லையோ அவர்கள் பேசினார்கள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. எங்கே வைத்தாய், கதவைச் சாத்து, எண்ணெய் தீர்ந்துபோச்சு, இப்படித்தான். புதையலையோ பத்திரத்தையோ பற்றி யாராவது பேசுவார்கள் என்று சிலர் காத்திருந்தார்கள், அது நடக்கவில்லை. ஆனாலும் நாலு மணிக்கு மேல் ஊரில் ஆள் கூடிற்று. சேத்துப்பட்டிலிருந்தும் தேசூரிலிருந்தும் ஜனங்கள் வந்து, பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்கள். ரேணுகாம்பாளுக்கு அவள் அம்மா பேசினாள் என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டாள் ஆதிலட்சுமி. அவளுக்கும் அதே அம்மாதான். ஆனால் அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் இழையும் பிணைத்து முடித்த பாவு மாதிரி, இடைவெளி இல்லாத வெறும் மௌனம்.

2021 வைகாசியில் ரேணுகாம்பாளுக்குக் காய்ச்சல் கண்டது. தெருவில் அந்த மாதம் காய்ச்சல் காணாத வீடு இல்லை. ஆம்புலன்ஸ் வந்தது. கூட யாரும் வரக்கூடாது என்றார்கள். வண்டியில் ஏறும்போதும் அவள் பேசவில்லை. பேசுவதற்கு மூச்சு போதவில்லை, கோபத்தால் இல்லை என்று பக்கத்து வீட்டார் ஆதிலட்சுமியைத் தேற்றினார்கள். ஐந்தாம் நாள் திருவண்ணாமலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முகம் பார்க்கக் கொடுக்கவில்லை. பதினாறாம் நாள் சடங்கெல்லாம் முடிந்த பிறகு, நாலு மணி அடித்தால் ஆதிலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு வாசலில் வந்து நிற்பாள். நாலு பத்து வரும். சுற்றி எல்லாரும் தலையைச் சாய்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள், சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவள் நிமிர்ந்து நிற்பாள். இரண்டு வருஷத்தில் எழுநூறு தடவைக்கு மேல் அப்படி நின்றாள். அக்கா திட்டினால்கூடப் போதும். ஒரு வார்த்தை. அது வரவில்லை.

2023 ஆவணியில் ஒரு கடிதம் வந்தது. தீவில் பள்ளிக்கூடம் நடத்துகிற டீச்சர் எழுதியது. சென்னைக்கு வந்து, ஹேமநாத் வழியாகக் குமரேசனின் போனுக்கு வந்தது. ஹேமநாத் சிரித்துக்கொண்டே அனுப்பியிருந்தார். குமரேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆதிலட்சுமியைக் கூப்பிட்டு உட்காரவைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னான். எங்கள் பள்ளியில் இருபத்து மூன்று பிள்ளைகள். எங்கள் பாஷை அழிந்துவிடக்கூடாது என்று சர்க்கார் ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்கள் யானையைக் கொடுத்தது. உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை, எங்கள் கிழவிகளே அசந்துபோனார்கள். ஆனால் பிள்ளைகள் இப்போது நடுவில் நிறுத்தாமல் பாடுகிறார்கள். கிழவிகள் நிறுத்திப் பாடினால், ஆயா தப்பாகப் பாடுகிறாள், யானை இப்படிப் பாடாது என்கிறார்கள். கிழவிகள் பாடுவதை விட்டுவிட்டார்கள். இங்கே ஆண்கள் கடலுக்குப் போகிறவர்கள். வீட்டில் இல்லாதவர் பாடுவதற்காக விட்டுவைத்த இடம் அது. அதில் யாரும் வாய் திறக்கக்கூடாது, பிள்ளையும் அழாது. நாலு வருஷமாக எங்கள் வீடுகளில் அந்த இடம் இல்லை. அந்தப் பதினோரு விநாடி உங்களிடம் இருக்குமானால் தயவுசெய்து திருப்பி அனுப்பவும்.

"அக்கா சொன்னதுதான்" என்றாள் ஆதிலட்சுமி.

"எந்த அக்கா?" என்று கேட்டுவிட்டு, குமரேசன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடிதத்தின் சேதி சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவி, குப்புராஜின் கடையில் கூட்டம் கூடிற்று. ஆதிலட்சுமி சரியாகப் பாடி அனுப்பினால் பதினோரு விநாடி அதன் சொந்த இடத்துக்குப் போய்விடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் பயம். "நாம இன்னா திருடிகினா வந்தோம்? அது பாட்டுக்கு வந்துது, அது பாட்டுக்கு இருக்குது" என்றார் குப்புராஜ். "அவங்களுக்கு வோணும்னா கடலு கீது, காத்து கீது, புச்சா ஒண்ணு செஞ்சிக்கட்டும்." ஒருவர், பாதியை அனுப்பலாம், அஞ்சரை விநாடி அவர்களுக்கு, அஞ்சரை நமக்கு என்றார். அஞ்சரை விநாடியில் எங்கப்பா பொடி டப்பின்னு சொல்றதுக்குள்ள முடிஞ்சிடும் என்று குப்புராஜ் மறுத்துவிட்டார். கடைசியில் எல்லாரும் ஆதிலட்சுமியைப் பார்த்தார்கள். அவள், "எனுக்கு அதுல ஒண்ணும் கேக்கறதில்ல. எனுக்கு எதுக்கு அது" என்றாள். அது முழு உண்மை இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்குக் கேட்கும் என்றுதான் அவள் தினமும் நின்றுகொண்டிருந்தாள். அனுப்பிவிட்டால் நாளை என்பதும் போய்விடும்.

மறுநாள் அவளைத் தேடிக்கொண்டு கன்னியம்மா வந்தாள். கலசப்பாக்கத்துப் பக்கம் களை எடுக்கப் போகிறவள். ஒரே மகன் அய்யனார், பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. மூன்று வருஷமாக வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி ஆரணிக்கு வருவாள், பதினோரு விநாடி கேட்பாள், அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகூட விட்டதில்லை.

"குடுத்துடாதம்மா" என்றாள். "எம்புள்ள ஒரு வார்த்த மிச்சம் வெச்சிகினு கீறான். அத்தச் சொல்லி முடிக்கட்டும்."

"இன்னா சொல்றான் தெனம்?"

"அம்மா, பஸ்ஸு வந்துடுச்சி, கெளம்புன்றான்."

"தெனமுமா?"

"தெனமும் அதான்."

ஆதிலட்சுமி அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திக்குக் கேட்பது போதவில்லை, இன்னொருத்திக்குக் கேட்கவே இல்லை. யாருக்கு யார் ஆறுதல் சொல்வது. கன்னியம்மா எழுந்து போனாள். அடுத்த இரண்டு மாதமும் ஆதிலட்சுமி ஒன்றும் செய்யவில்லை. பாவு பிணைத்தாள், நாலு பத்துக்கு வாசலில் நின்றாள். வடக்கே எங்கேயோ முந்நூறு வீட்டில் பிள்ளைகள் நிறுத்தாமல் பாடித் தூங்கிப்போவது அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அதைவிட, இருபத்திரண்டு வருஷம் எதிரே உட்கார்ந்தவள் கடைசியாகச் சொன்னது அந்த வாசப்படிப் பேச்சுதான், அதையாவது கேட்கலாம் என்றும் தோன்றியது. ஐப்பசி கடைசி வாரம் குமரேசனின் மாடிக்குப் போனாள்.

பாட முடியவில்லை. நாலாவது அடி முடிந்ததும் விரல் முறுக்கிவிடும், ஐந்தாவது அடி வந்து சேர்ந்துவிடும். பதினாலு தடவை பாடினாள், பதினாலு தடவையும் அப்படித்தான். "வுடுக்கா, ரெண்டு பாதியா பாடு. நடுவுல காலியா வெச்சி நான் ஒட்டிக் குடுத்துடறேன்" என்றான் குமரேசன். "ஒட்டினா அதுவும் நாம அடச்சதுதான்டா" என்றாள் அவள். கையைப் பின்னால் கட்டிப் பார்த்தாள், முந்தானைக்குள் விரல் அசைந்தது. அப்போது படியேறி வந்தாள் கன்னியம்மா. தடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று குமரேசன் கதவருகே போய் நின்றுகொண்டான். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். "அவன் தெனம் கெளம்பு கெளம்புன்றான். நாந்தான் கெளம்பாம கீறேன்" என்று யாரிடமோ போலச் சொல்லிவிட்டு, ஆதிலட்சுமிக்கு எதிரே உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் தன் இரண்டு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். களைக்கொத்து பிடித்துக் காய்த்த கை. அதை மீறி ஒரு விரலும் அசைய முடியவில்லை. ஆதிலட்சுமி பாடினாள். நாலாவது அடி முடிந்தது. நிறுத்தினாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம், கீழே கடையில் யாரோ ஜரிகை விலை கேட்கிற சத்தம். அவ்வளவுதான். காதையும் உயிரையும் ஒன்றாக்கிக் கேட்டாள், வேறொன்றும் இல்லை. பதினோரு விநாடி முடிந்து மிச்சத்தைப் பாடினாள். குமரேசன் அன்றே அனுப்பிவைத்தான்.

மறுநாள் நாலு பத்துக்கு விசைத்தறிகள் சத்தத்தோடு ஓடின. ஹாரன் அடித்தது. தெருவெல்லாம் ஜனங்கள் தலையைச் சாய்த்தபடி நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தலையை நேராக்கிக்கொண்டார்கள். குப்புராஜ் பொடி டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கன்னியம்மாவின் பஸ் அன்று பாலம் வரை வந்தது, அவள் அதில் இல்லை. ஊர் ஆதிலட்சுமியைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பாவு பிணைக்கக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. தை மாதத்துக்கு மேல் முகூர்த்தப் புடவை வேலை வந்து, வேறு யார் பிணைத்தாலும் கோடு விழுந்ததால், ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மறு ஓரத்தில் இப்போது யார் யாரோ உட்கார்ந்தார்கள்.

பங்குனியில் தீவிலிருந்து பதில் வந்தது, ஒரு பாட்டோடு. டீச்சர் எழுதியிருந்தார்: வந்துசேர்ந்தது, நன்றி. எங்கள் கிழவிகள் மறுபடி பாடுகிறார்கள். ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் அனுப்பியதில் அந்த இடைவெளியில் ஒரு பெண் பேசுகிறாள். கரகரத்த குரல். உங்கள் பாஷை என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் இல்லாதவராக இருக்கவேண்டும். பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்தக் குரல் கொஞ்சம் தேய்ந்தது. பிள்ளைகள் முழுதாகக் கற்றுக்கொண்ட அன்றைக்குத் தீர்ந்துபோய்விட்டது. இப்போது அவர்கள்தான் அதைப் பாடுகிறார்கள். அந்த இடத்தில் வாய் திறக்கக்கூடாது என்று கிழவிகள் சொல்லித்தான் பார்க்கிறார்கள், பிள்ளைகள் கேட்பதில்லை.

குமரேசன் தன்னிடம் இருந்த பதிவைப் போட்டுப் பார்த்தான், மின்விசிறிதான் சுற்றிற்று. பிறகு தீவிலிருந்து வந்ததைப் போட்டான். ஒரு பிடிலும், இருபத்து மூன்று பிள்ளைகளும். நாலு அடி பாடினார்கள். பிறகு, அந்தப் பதினோரு விநாடி நிறைய, பாலில் தேன் ஊற்றின மாதிரி, ஏறி இறங்கி, மூன்று சுதியில் பிரிந்து சேர்ந்து பாடினார்கள்: "ஆதி, தண்ணி வந்துகினு கீது, குடத்த எடு. ஆதி, தண்ணி வந்துகினு கீது, குடத்த எடு."

ஆதிலட்சுமி மறுபடி போடச் சொன்னாள். ஏழு தடவை கேட்டாள். அக்கா பேசிவிட்டாள், அதில் சந்தேகம் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். கோபமாகப் பேசினாளா, சாதாரணமாகப் பேசினாளா என்பதுதான் தெரியவில்லை, பிள்ளைகள் எல்லாவற்றையும் ஒரே இனிமையாக ஆக்கிவிட்டார்கள். ஒரு பிசிறு இல்லை. அந்தப் பழைய குரல் கொஞ்சமாவது எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். இல்லை என்று பதில் வந்தது, வருத்தத்தோடு. இனி யாரிடம் திருப்பிக் கேட்பது.

போன வருஷம் குட்டிக்காது கம்பெனி இரண்டாவது யானையை வெளியிட்டது. பன்னிரண்டாவது பாட்டாகத் தீவுப் பிள்ளைகள் பாடினதையே போட்டு, பெட்டியின் மேல் அசல் என்று பெரிதாக அச்சடித்திருந்தார்கள். இந்தத் தடவை அது பொய்யும் இல்லை. ஆரணியில் வீட்டுக்கு வீடு அந்த யானை இருக்கிறது. கொசப்பாளையத்துப் பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தீவுப் பிள்ளைகள் மாதிரியே நாக்கைச் சுழற்றிப் பாடுகின்றன, ஆதி என்றால் அந்த நாட்டில் ஏதோ ஒரு பறவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்கின்றன. எந்தப் பிள்ளை யானையின் வயிற்றை அமுக்கி, பாட்டு அந்த இடத்துக்கு வந்தாலும், அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது. காலையோ மத்தியானமோ கணக்கில்லை. முதலில் இரண்டு மூன்று நாள் ஆச்சரியப்பட்டார்கள். பிறகு நகராட்சிக் குழாய்க்காரர் வந்து, நேரம் எழுதின பலகையைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகளை அமுக்கச் சொல்லிவிட்டுப் பெண்கள் குடத்தோடு வெளியே வருகிறார்கள். ஆதிலட்சுமியும் வருகிறாள், பாட்டு தொடங்கின உடனே, எல்லாருக்கும் முன்னால்.

இந்தத் தெருவுக்குப் புதிதாக வாழ வந்த அன்புச்செல்வி ஒரு நாள் வரிசையில் நின்றுகொண்டு, "எந்த நாட்டுப் பாட்டுக்கா இது?" என்று கேட்டாள்.

"ஏதோ தீவாம்."

"இன்னா அழகா பாடுதுங்க, இல்ல?"

"அழகாத்தான் பாடுதுங்க" என்றாள் ஆதிலட்சுமி. குடம் நிறைகிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள். "அவ்ளோ அழகா பாட வேண்டியதில்ல" என்று சொல்லி, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்தவளுக்கு வழி விட்டாள்.